கண்ணை மூடி, காலைச் சேர்த்து

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும் பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறவர்களுக்கும் பிசியோதெரபி அறையின் கட்டளைகள் மனப்பாடமாகியிருக்கும். "காலைச் சேர்த்து நில்லுங்க. இப்பக் கண்ணை மூடுங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்." அது முடிந்ததும் கை வைத்த நாற்காலி ஒன்று வரும். எழுந்து கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பிசியோதெரபிஸ்ட் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், மேசையில் மதிப்பெண் போடும் தாள். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துபோகிற இந்தச் சின்னப் பரீட்சை உருவானதில் பெர்லின் மருத்துவர், சுவிஸ் மலையூர் நோயாளி, ரஷ்யாவிடம் சிக்கிய போர்க்கைதி, அமெரிக்க நெடுஞ்சாலைப் போலீஸ், ஜப்பானியக் காகித விளக்கு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பலருக்குப் பங்கு உண்டு.

1836இல் லண்டன் மருத்துவர் மார்ஷல் ஹால், தன் விரிவுரை நூலில் ஒரு விசித்திர நோயாளியைப் பற்றி எழுதினார். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அவருக்கு ஒரு குறையும் இல்லை; இருட்டில் நடக்கச் சொன்னால் தடுமாறுவார். ஹால் அதைக் குறித்து வைத்ததோடு சரி. நான்கு வருடம் கழித்து, பெர்லினில் மோரிட்ஸ் ஹைன்ரிச் ரோம்பெர்க் நரம்பு நோய்களுக்கென்று ஒரு பெரும் பாடநூலை வெளியிடத் தொடங்கினார்; 1846இல்தான் அது முடிந்தது. அதில் அவர் ஹாலைத் தாண்டி ஓரடி வைத்தார். நோயாளி இருட்டில் தடுமாறுவதற்காக இரவு வரை காத்திருப்பானேன்? மருத்துவர் முன்னாலேயே நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னால் போதுமே! டேபிஸ் என்னும் தண்டுவட நோய் உள்ளவர் அந்த நொடியே இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்குவார். மருந்தில்லை, கருவியில்லை, காசில்லை. மருத்துவ உலகம் இதை இரு கையாலும் வாங்கிக்கொண்டது. ரோம்பெர்க் சோதனை என்ற பெயரும் நிலைத்தது.

நோயாளிகள் இதற்கு முன்பே தங்கள் வீட்டில் அறியாமல் இந்தச் சோதனையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். காலையில் முகம் கழுவக் குனிந்து, கண்ணை மூடித் தண்ணீரை அள்ளி அடித்ததும், அப்படியே முகம் கழுவும் தொட்டிமேல் சரிவார்கள். மருத்துவரிடம் வந்து அவர்கள் சொன்ன முதல் புகாரே பல நேரம் இதுதான்.

காரணம் எளிது. நாம் நிமிர்ந்து நிற்க, மூளை மூன்று இடத்திலிருந்து தகவல் கேட்கிறது. கண் சொல்வது ஒன்று. உட்காது சொல்வது இன்னொன்று. பாதம், மூட்டு, தசை ஆகியவற்றிலிருந்து தண்டுவடத்தின் பின்பக்கமாக மேலேறும் செய்தி மூன்றாவது. ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் எப்படியோ சமாளித்துவிடும். டேபிஸ் அந்த மூன்றாவது பாதையை அரித்துவிடுகிறது. கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். கண்ணையும் மூடினால் மிஞ்சுவது உட்காது மட்டும். அதை வைத்து ஒப்பேற்ற முடியாது. இந்த நோய் சிபிலிஸின் கடைசிக் கட்டம் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஐயமற நிரூபணமானது. பெனிசிலின் வந்த பிறகு டேபிஸ் ஏறக்குறைய மறைந்தே போனது. கண்டுபிடிக்க வேண்டிய நோய் போய்விட்டது. சோதனை மட்டும் வேறு வேலை தேடிக்கொண்டது.

அந்த வேலைதேடல், பெனிசிலினுக்கு வெகு முன்பே, ஓர் அசட்டுத்தனமான, அழகான சம்பவத்தில் தொடங்குகிறது. 1880களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்ற ஊரில் ஹைன்ரிச் ஃப்ரெங்கல் என்ற மருத்துவர் ஒரு டேபிஸ் நோயாளிக்குச் சோதனை வைத்தார். விரலால் மூக்கைத் தொட வேண்டும். அவரால் முடியவில்லை. சில மாதம் கழித்து அதே ஆள் வந்து, பிசகாமல் தொட்டுக் காட்டினார். நோய் குணமாக வழியே இல்லையே என்று ஃப்ரெங்கல் துருவித் துருவிக் கேட்டார். விஷயம் இதுதான்: போனமுறை தோற்றது அவருக்கு அவமானமாகிவிட்டது, அடுத்தமுறை 'பாஸ்' பண்ணியே ஆக வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்திருக்கிறார்!

பரீட்சைக்குப் படித்த அந்த நோயாளியிடமிருந்து ஒரு சிகிச்சை முறையே பிறந்தது. அழிந்த நரம்பு திரும்பாது. ஆனால் கண்ணை வைத்துக்கொண்டு, மெதுவாக, எண்ணி எண்ணிப் பழகினால் உடல் அந்த வேலையை மறுபடி கற்றுக்கொள்ளும். தரையில் பாதச் சுவடு வரைந்து அதன்மேல் அடி வைத்து நடக்கச் சொன்னார் ஃப்ரெங்கல். ஃப்ரெங்கல் பயிற்சிகள் என்ற பெயரில் இன்றைய பிசியோதெரபி மாணவர்களும் படிப்பது இதைத்தான். ரோம்பெர்க்கிடம் தீர்ப்பாக இருந்தது, ஃப்ரெங்கலிடம் பாடத்திட்டமாக மாறியது.

இதற்கிடையில் உட்காதின் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1820களில் பாரிசில் பியேர் ஃப்ளூரான்ஸ், புறாக்களின் உட்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். புறாவுக்குக் காது கேட்டது. ஆனால் பம்பரமாகச் சுற்றியது. காது கேட்க மட்டும் இருப்பதாக நம்பியிருந்த காலத்தில் இதை என்ன செய்வதென்று யாருக்கும் புரியவில்லை. 1861இல் பாரிசின் காதுகேளாதோர் நிறுவனத்தில் மருத்துவராக இருந்த ப்ராஸ்பர் மெனியேர், தலைசுற்றலும் காதிரைச்சலும் சேர்ந்து வருகிறவர்களுக்குக் கோளாறு மூளையில் இல்லை, உட்காதில் இருக்கிறது என்று அறிவித்தார். மறு வருடமே அவர் இறந்துவிட்டார். அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தக் குழல்கள் நமக்குள் இருக்கும் ரசமட்டம். கொத்தனார் கையில் இருப்பது ஒன்று, நம்மிடம் காதுக்கு மூன்றாக ஆறு.

அட்லாண்டிக்கைத் தாண்டி, பின்னாளில் தத்துவவாதியாகப் புகழ்பெற்ற வில்லியம் ஜேம்ஸ் இந்தச் சரட்டைப் பிடித்தார். உட்காது பழுதானவர்களுக்குத் தலை சுற்றவே கூடாதே என்று யோசித்து, காதுகேளாத 519 பேரைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். 186 பேருக்குத் தலைசுற்றல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1882இல் அவர் வெளியிட்ட இந்த விவரம், முக்கால் நூற்றாண்டு கழித்து விண்வெளி ஆராய்ச்சிக்குப் போய்ச் சேரப்போகிறது.

அதற்கு முன் வியன்னாவில் ஒரு சின்ன விபத்து. ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். சிலர் தலை சுற்றுகிறது என்று முனகினார்கள். தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னதால் வெந்நீர் எடுத்தார். அது சூடு கூடிப்போய் அப்போதும் தலை சுற்றியது. கண்ணைப் பார்த்தால், குளிர்ந்த நீருக்கு ஒரு பக்கமும் சுடுநீருக்கு எதிர்ப்பக்கமும் விழிகள் துடித்தன. உட்காதுத் திரவம் சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப நகர்கிறது என்று பாரனிக்குப் பிடிபட்டது. 1914ஆம் வருடத்து நோபல் பரிசு அவருக்கு என்று அறிவித்தபோது அவர் ஆஸ்திரிய ராணுவ மருத்துவராக ரஷ்யர்களிடம் சிறைப்பட்டு, மத்திய ஆசியாவில் ஒரு கைதி முகாமில் இருந்தார். ஸ்வீடன் இளவரசர் ஒருவர் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத் தலையிட்டு, 1916இல்தான் அவரை விடுவிக்க முடிந்தது. நோயாளிகளைச் சுற்றிவிட்டுச் சோதிக்க அவர் பயன்படுத்திய சுழல் நாற்காலி வேறு பாதையில் போயிற்று. முதல் உலகப் போருக்காக விமானி ஆக வந்த அமெரிக்க இளைஞர்களை அதில் உட்கார வைத்துச் சுற்றிச் சோதித்தார்கள்.

விமானிகளிடமிருந்து விண்வெளிக்கு ஓரெட்டுத்தான். ஃப்ளோரிடாவின் பென்சகோலா கடற்படைத் தளத்தில் ஆஷ்டன் கிரேபியல் என்ற மருத்துவர், 1950களின் இறுதியில் காலாடெட் கல்லூரியிலிருந்து காதுகேளாத 11 ஆண்களைச் சோதனைக்கு அழைத்து வந்தார். மூளைக்காய்ச்சலில் பெரும்பாலானோரின் உட்காது செயலிழந்திருந்தது. எடையின்மையில் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிய இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? நோவா ஸ்கோஷியா கடற்கரையோரம் கொந்தளிப்பான கடலில் ஒரு கப்பலில் அவர்களை ஏற்றினார்கள். 11 பேரும் சீட்டாடிக்கொண்டு அரட்டை அடித்தார்கள். சோதனை செய்ய வந்த ஆராய்ச்சியாளர்கள் குமட்டலில் சுருண்டு படுத்து, சோதனையே பாதியில் நின்றுபோனது.

அதே பென்சகோலாவில், 1960களில், கிரேபியலும் ஆல்ஃபிரட் ஃப்ரெக்லியும் ரோம்பெர்க்கின் பழைய சோதனையைக் கூர்தீட்டினார்கள். சாதாரண ஆளே சும்மா நின்றுவிடுகிறான். விமானிக்கு அது எம்மாத்திரம்? அதனால் ஒரு காலின் குதிகாலை மற்றதன் பெருவிரலோடு ஒட்டி, கையை மார்பில் கட்டி, கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். அதே நிலையில் கோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடக்கவும் சொன்னார்கள்.

நல்ல சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? 1970களில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைச் சாலையோரத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. தெற்கு கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்துகொண்டிருந்த சோதனைகளையெல்லாம் அள்ளி, 1977இல் மூன்றைத் தேர்ந்தெடுத்தது. குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது அடி நடந்து திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது, பேனாவைக் கண்ணால் தொடர்வது. முதல் இரண்டும் நரம்பியல் மருத்துவருக்கும் விமானிகளுக்கும் பழகியவை. மூன்றாவதில் போலீஸ்காரர் தேடுவதும் விழித்துடிப்பைத்தான், பாரனி கவனித்ததன் இன்னொரு வகை. மருத்துவமனையில் தேறாவிட்டால் பயிற்சி; சாலையில் தேறாவிட்டால் கைவிலங்கு.

ஒரு மனிதன் ஆடுகிறான் என்று சொல்வதோடு ஆய்வாளர்களுக்குத் திருப்தி இல்லை. எவ்வளவு ஆடுகிறான் என்று அளந்தாக வேண்டும். 1880களிலேயே ஃபிலடெல்ஃபியாவில், நிற்கிறவர் தலையின் ஆட்டத்தைப் புகை படிந்த காகிதத்தில் ஊசியால் கோடாகக் கீறிப் பார்த்தார்கள். 1970களில் எடின்பரோவில் டேவிட் லீ, தரையில்லாத ஓர் அறையைச் செய்து கூரையிலிருந்து தொங்கவிட்டார். சுவர் நகர்ந்தால் போதும், அப்போதுதான் நடை பழகிய குழந்தைகள் பொத்தென்று விழுந்தார்கள். தரை அசையவே இல்லை; கண் சொன்ன பொய்யைக் கால் நம்பிவிட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற லூயிஸ் நாஷ்னர் இதை இயந்திரமாக்கினார். ஆள் உள்ளே நிற்க, தரையும் சுவரும் தனித்தனியாகச் சாயும் கூண்டு அது. விண்வெளியிலிருந்து திரும்பிய வீரர்களின் தள்ளாட்டத்தை நாசா அதில் வைத்துத்தான் அளந்தது.

இந்தக் கூண்டை எந்தச் சாதாரணப் பிசியோதெரபிஸ்ட் வாங்க முடியும்? 1986இல் ஆன் ஷம்வே-குக், ஃபே ஹோராக் என்ற இரு பெண்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். சாயும் தரைக்குப் பதில் ஒரு தடித்த ஸ்பாஞ்சுத் துண்டு. அதன்மேல் நின்றால் பாதத்துக்குச் சரியான செய்தி கிடைக்காது. நகரும் சுவருக்குப் பதில், வீட்டு அலங்காரத்துக்கு விற்கிற ஜப்பானியக் காகித விளக்கு ஒன்றைக் கொஞ்சம் மாற்றி நோயாளியின் தலையில் கவிழ்த்தார்கள். தலை ஆடும்போது விளக்கும் சேர்ந்தே ஆடும். 'நான் ஆடவில்லை' என்று கண் ஏமாறும். அந்த ஸ்பாஞ்சு இன்றும் பிசியோதெரபி அறைகளின் மூலையில் இருக்கிறது.

அதே 1986தான் முதியோர் மருத்துவத்துக்கும் திருப்புமுனை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் முதியோர் மருத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் ஐசக்ஸின் குழு யோசித்தது: வயதானவர்கள் கண்ணை மூடி அசையாமல் நிற்கும்போதா விழுகிறார்கள்? எழும்போது, திரும்பும்போது, உட்காரும்போது அல்லவா! நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பி, மறுபடி உட்காரச் செய்து, பார்த்தவர்கள் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். அமெரிக்காவில் மேரி டினெட்டி அதே வருடம் நிற்பதற்கு 16, நடப்பதற்கு 12 என்று 28 மதிப்பெண்ணில் தன் அளவுகோலை வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து, வீடுகளில் வாழும் 75 வயதுக்கு மேற்பட்ட 336 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து அவர் சொன்ன கணக்கு எல்லோரையும் உலுக்கியது: மூன்றில் ஒருவர் விழுந்திருந்தார்.

அடுத்து மேடைக்கு வருவது கனடாவின் மான்ட்ரியல். அங்கிருந்து இரண்டே வருட இடைவெளியில் உலகம் முழுக்கப் பரவிய இரண்டு சோதனைகள் கிளம்பின. பிசியோதெரபிஸ்ட் கேத்தரின் பெர்க், நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் கேட்டுக் கேட்டு 14 வேலைகளைத் தொகுத்து 1989இல் வெளியிட்டார். தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுப்பது, தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்ப்பது, முக்காலியில் மாறி மாறிக் கால் வைப்பது என்று எல்லாம் வீட்டு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56. 1991இல் டயான் போட்சியட்லோவும் சாண்ட்ரா ரிச்சர்ட்சனும் பர்மிங்காம் சோதனையை எடுத்து அதில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள்: பார்ப்பவரின் அபிப்பிராயத்தை நீக்கிவிட்டுக் கையில் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். சுமார் 46 சென்டிமீட்டர் உயர நாற்காலி, 3 மீட்டர் தூரம், வழக்கமான செருப்பு, வழக்கமான ஊன்றுகோல். 10 வினாடிக்குள் வந்து உட்கார்ந்தால் கவலையில்லை. 30ஐத் தாண்டினால் அன்றாட வேலைகளுக்கே துணை வேண்டியிருக்கும்.

எளிமைக்கு ஒரு போட்டியே தொடங்கியது. வட கரோலினாவில் பமீலா டங்கன், சுவரில் ஓர் அளவுகோலை மாட்டி, காலை நகர்த்தாமல் கையை எவ்வளவு தூரம் முன்னால் நீட்ட முடிகிறது என்று பார்த்தார். ஸ்வீடனில் லில்லெமோர் லுண்டின்-ஓல்சனின் குழுவுக்கு அளவுகோலும் தேவைப்படவில்லை. முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்ல 12 பேர் நடையை நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் அந்த 12இல் 10 பேர் விழுந்திருந்தார்கள். 1997இல் இது லான்செட் இதழில் வந்தது. நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறவருக்குப் பேச மிச்சம் இருக்காது.

2007இல் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் வீடியோ விளையாட்டுக்காக, நான்கு எடை உணரிகள் கொண்ட பலகை ஒன்றை விற்பனைக்கு விட்டது. சில வருடத்தில் ஆராய்ச்சியாளர்கள் அதை ஆய்வகத்தின் விலையுயர்ந்த அழுத்தப் பலகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தள்ளாட்டத்தை அளக்க இதுவே போதும் என்றார்கள். பொம்மைக் கடைச் சரக்கு மருத்துவக் கருவி ஆயிற்று. எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கிளாடியோ ஜில் அராவுஜோவின் குழு, 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்கச் செய்தது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. வயது, நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும், அப்படி முடியாதவர்களுக்கு அடுத்த சில வருடங்களில் மரண அபாயம் 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2022இல் செய்தி வெளியானதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஒற்றைக் காலில் நின்றவர்கள் எத்தனையோ பேர். இதே அராவுஜோவின் இன்னொரு சோதனை நமக்கு நெருக்கமானது: கையை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது. சம்மணமிட்டுச் சாப்பிட்ட வீடுகளில் இது தினம் மூன்று வேளையும் நடந்த பரீட்சை.

இவ்வளவு பரவிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த எண்கள் யார் விழுவார் என்று சரியாகச் சொல்லிவிடுகின்றனவா? தனியாக ஓர் எண் சொல்லாது. நாற்காலிச் சோதனையின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வீட்டில் ஓரளவு நலமாக வாழும் முதியவர்களிடம் அதன் ஆரூடம் பலவீனமானது என்று 2014இல் சொன்னார்கள். மருத்துவமனை நோயாளிகளிடம் 'விழுவாரா மாட்டாரா' என்று மதிப்பெண் போட்டுக் கணிக்கவே வேண்டாம் என்று பிரிட்டனின் வழிகாட்டி அமைப்பான நைஸ் 2013இல் கையைக் காட்டிவிட்டது. 2022இல் வந்த உலகளாவிய வழிகாட்டுதல் மூன்று கேள்விகளை முன்னால் வைக்கிறது: கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? அதன் பிறகுதான் நடையின் வேகமும் மற்றதும்.

ஆரூடம் பலிக்காவிட்டாலும் சோதனைக்கு வேலை இருக்கிறது. அதைக் காட்டியவர் டினெட்டி. 70 வயதைக் கடந்த, விழும் அபாயம் உள்ள 301 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் ஒவ்வொருவரிடமும் சோதனை காட்டிய குறைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தார். ஒருவருக்குத் தூக்க மாத்திரையைக் குறைப்பது, இன்னொருவருக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்காமலிருக்க மெதுவாக எழச் சொல்லிக்கொடுப்பது, மற்றொருவருக்குக் கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 47 சதவீதத்தினர் ஒரு வருடத்துக்குள் விழுந்தார்கள். வைத்தியம் பெற்ற பிரிவில் அது 35 சதவீதம்தான். 1994இல் வந்த முடிவு இது.

ஆகவே பிசியோதெரபிஸ்ட் தாளைப் பார்த்து "அம்மா, உங்களுக்கு 56க்கு 41" என்று சொன்னால், நல்லதா கெட்டதா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதில் பயனில்லை. எந்தக் கேள்வியில் மதிப்பெண் போயிற்று, அதில் எதை வீட்டில் பழகலாம், எந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதுதான் லாபம். ஹைடன் ஊர் நோயாளி யாரும் சொல்லாமலே செய்தது அதைத்தான். அவர் தோற்ற கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போனார்.